கம்பி தூக்கும் வேலை

ராயபுரத்தில் எங்கள் மாதா தேர் புறப்படும்போது எனக்கு ஒரே வேலைதான். நுனியில் குறுக்குக் கட்டை அடித்த மூங்கில் கழியால், தெருவின் குறுக்கே தொங்கும் கம்பிகளைத் தேர் கடக்கும்வரை தூக்கிப் பிடிக்க வேண்டும். பாடகர் குழுவுக்கு என் குரல் சரிவராது என்று இதைக் கொடுத்தார்கள். விசில் ஊதுவது காசிமேட்டில் மீன் விற்கும் அக்கா. ஒரு முறை ஊதினால் தேர் நிற்கும். இரண்டு முறை ஊதினால் கிளம்பும். விழாக் குழுவினர் அவரை ‘டிராபிக் போலீஸ்’ என்று கிண்டல் செய்வார்கள்.

ஊர்வலத் தெருக்களில் மின்சாரத்தை நிறுத்திவிடுவதால் ஷாக் பயம் இல்லை. கம்பி சிக்கினால்தான் ஆபத்து. போன வருடமும் காலையிலேயே நடந்துபோய், தாழ்ந்த கம்பிகளையெல்லாம் பார்த்து வைத்திருந்தேன். மாலையில் தேர் ஒரு தெருமுனையில் திரும்பியபோது, காலையில் இல்லாத கறுப்புக் கேபிள் ஒன்று எதிரே தொங்கியது.

ஓரமாக நின்று எட்டித் தூக்கினேன். மாதாவின் கிரீடம் தப்பியது. உடனே கேபிள் கட்டையின் நடுவிலிருந்து வழுக்கி, ஓரத்தில் தொற்றிக்கொண்டு தாழ்ந்தது. தேரின்மேல் மாதா சொரூபத்துக்குப் பின்னால் என் தம்பி முதுகைக் காட்டி நின்று, மாடியிலிருந்து நீட்டிய மாலையை வாங்கிக்கொண்டிருந்தான். கேபிள் அவன் பிடரிக்கு நேராக இருந்தது. கத்தினேன், பேண்டு வாத்தியத்தில் எனக்கே கேட்கவில்லை. வடம் இழுப்பவர்கள் முன்னால் பார்த்து இழுத்தார்கள். கழியை விட்டு ஓடினால் கேபிள் மொத்தமும் அவன்மேல் விழும்.

விசில் ஒரு முறை கேட்டது. சக்கரம் கொஞ்சம் உருண்டு நின்றது. கேபிள் தம்பியின் கழுத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. கையால் தடவிப் பார்த்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

முன்னால் இருந்த விழாக் குழுக்காரர் எதையும் பார்க்கவில்லை.

“இன்னாக்கா நிறுத்திக்கினு கீற? மழை வர்து, ஊது.”

தேரைச் சுற்றி வந்த அக்கா, என் கண்ணில் படும்படி நின்று, என்னைக் கைகாட்டினார். “அவரு தலையாட்டாம ஊத மாட்டேன்.”

கழியைச் சாய்த்துச் சாய்த்துக் கேபிளை நடுவுக்குக் கொண்டுவந்தேன். ஒரு முறை மறுபடி வழுக்கியது. குழுக்காரர் கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். அக்கா கழியின் நுனியைத்தான் பார்த்தார்.

கேபிள் நடுவில் உட்கார்ந்தது. உயர்த்தினேன். ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை பார்த்துவிட்டுத் தலையாட்டினேன். விசில் இரண்டு முறை கேட்டது. தம்பியின் தலைக்கு மேலே கேபிள் கடந்துபோனது.

“எனக்குத்தான் மாலை போட்டாங்கோன்னு நென்ச்சேன்ணா” என்றான் மேலிருந்து.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த கம்பி தெரிந்தது. கழியோடு முன்னால் ஓடினேன்.