நிலோஜனுக்கு வந்த தாய்வீடு

செட்டிபாளையம் மேனுகா டீச்சர் என்ன புத்தகம் படிக்கிறாள் என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. தெரியவும் கூடாது என்று அவள் கவனமாக இருந்தாள். வயது முப்பத்துநாலு. தினமும் காலையில் ஸ்கூட்டியில் குருக்கள்மடம் துறைக்குப் போய், மட்டக்களப்பு வாவியைக் கடந்து, அம்பிளாந்துறைப் பக்கம் இங்கிலிஷ் படிப்பிக்கப் போகிறவள். ஆளையும் வண்டியையும் ஏற்றிக் கடத்துவது எஞ்சின் பூட்டிய ஒரு தட்டையான இரும்புப் படகு. அங்கே அதைப் ‘பாதை’ என்பார்கள்.

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு மழைக்கால லீவில், போனில் எதையோ தேடப்போய் ஓர் ஆங்கில நாவல் அகப்பட்டது. பேக்கரி வைத்திருக்கும் ஒருத்தி, பக்கத்தில் பூக்கடை வைத்திருக்கும் இன்னொருத்தி. முதலில் சண்டை, பிறகு காதல். மேனுகா நெஞ்சு படபடக்கப் படித்தாள். காதலுக்காக இல்லை, எந்தப் பக்கத்தில் சாகப்போகிறார்களோ என்றுதான். இப்படி இரண்டு பெண்களின் கதை என்று அவள் அறிந்தது ஒன்றே ஒன்று. பத்திரிகையில் நாலு வரி, வயலுக்கு அடிக்கும் கிருமிநாசினியை இருவரும் குடித்ததோடு முடிந்த செய்தி. இந்த நாவலிலோ பூக்கடைக்காரிக்கு ஒருநாள் தடிமன் பிடித்து மூக்கு ஒழுகியது. மற்றவள் சூப் வைத்துக் கொடுத்தாள். கடைசிப் பக்கத்தில் இருவரும் பாத்திரம் கழுவுவது யார் என்று வாயடித்துக்கொண்டு நின்றார்கள்.

மேனுகா போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அப்படியே இருந்தாள். ஒருவரும் சாகவில்லையே! ஒருவரும் அடிக்கவில்லை, ஒருவரும் ஊரைவிட்டு ஓடவில்லை. பாத்திரத்துக்காகச் சண்டை பிடிக்கிற அளவுக்கு அந்த இரண்டு பேருக்கும் நிம்மதி இருந்திருக்கிறது. இதைவிடப் பெரிய அதிசயத்தை அவள் எந்தப் புராணத்திலும் படித்ததில்லை. செத்த வீட்டில்கூட லேசில் அழாதவள், கழுவாத பாத்திரங்களை நினைத்து அழுதாள். அதன் பிறகு அறுபது எழுபது புத்தகமாவது முடித்திருப்பாள். நல்லபடியாகத்தான் முடியும் என்று தெரிந்துகொண்டே படிக்கிற சுகம் அலுக்கவே இல்லை. அம்மா சீதேவிப்பிள்ளை மாப்பிள்ளைப் பேச்சை எடுத்த நாட்களில் இரண்டு அத்தியாயம் கூடப் படிப்பாள்.

பாதையில் கூட வருகிறவள் தனுஷியா. அக்கரைக் கிராமங்களில் கர்ப்பிணிகளை வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் மருத்துவமாது. ஒரே வயது, ஒரே வகுப்பில் படித்தவர்கள். “போனப் பாத்து என்ன சிரிப்பு?” என்று அவள் ஒருநாள் கேட்கப்போய், கதை சொல்லும் வழக்கம் தொடங்கியது. வாவியைக் கடப்பதற்குள் ஓர் அத்தியாயம். மேனுகா இதில் ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தாள். எந்தக் கதையானாலும் இரண்டு பெண்களில் ஒருத்தியை ஆணாக்கி, நிலோஜன் என்று பெயர் வைத்துவிடுவாள். உள்ளதைச் சொன்னால் தனுஷியா மறுநாளே பாதையின் மற்ற மூலையில் போய் நிற்பாளோ என்று பயம். அவள் முகத்தைப் பார்க்காத நாள் மேனுகாவுக்கு உருப்பட்டதே இல்லை. அதை இழக்க அவளால் முடியாது.

நிலோஜன் ஆறு கதைகளில் நன்றாகவே ஓடினான். ஏழாவதில் கையும் களவுமாக அகப்பட்டான்.

“கலியாணம் முடிச்சா ஆர்ட வீட்டில இருக்கிற எண்டு ரெண்டு பேருக்கும் சண்டை,” என்றாள் மேனுகா. “நிலோஜனுக்கும் தாய் எழுதிக் குடுத்த வீடொண்டு இரிக்கி. அத விட்டுட்டு வர மனமில்ல.”

“நில்லு கா,” என்றாள் தனுஷியா. “தாய் மகனுக்கு வீடு எழுதினத எங்கயாச்சும் கேட்டிருக்கியா? வீடு மகளுக்குத்தானே. ஆம்புள பொஞ்சாதிட வீட்டுக்கு பேக்கோட வந்து ஏறுறவன்தானே.”

மட்டக்களப்பில் சின்னப்பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். ஆங்கிலத்தில் இருந்ததை அப்படியே சொன்ன அவசரத்தில் மேனுகா கோட்டை விட்டுவிட்டாள்.

“அது வெளிநாட்டுக் கதைதானே…”

“போன கதையில அவன் இவட சட்டையப் போட்டுட்டுக் கடைக்குப் போனான். அப்பயும் நான் ஒண்டும் கேக்கல்ல.” தனுஷியா குரலைத் தாழ்த்தினாள். “நிலோஜன் பொம்புளதானே?”

நடு வாவி. எழுந்து போக இடமில்லை. மேனுகா ஒரு சாக்குத் தேடிப் பார்த்தாள். ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல வாய் வரவில்லை.

“ஓம்.”

தனுஷியா மற்ற மூலைக்குப் போகவில்லை. நின்ற இடத்திலேயே விரல் விட்டு எண்ணினாள்.

“ஏழு கதையிலயுமா?”

“ஓம்.”

“ஏழிலயும் ரெண்டு பேரும் சந்தோசமாவா இருக்காங்க?”

“ஏழிலயும்.”

தனுஷியா வாய்விட்டு, “என்ட கடவுளே!” என்றாள். கோபமில்லை. அது பிரமிப்பு என்று மேனுகாவுக்கு உடனே விளங்கியது, முதல் நாவலை முடித்த அன்று அவளும் அதே மாதிரி வாயடைத்து இருந்தவள்தானே. கரை கிட்டி வந்தது. வண்டிக்காரர்கள் எஞ்சினை உதைக்கத் தொடங்கினார்கள். அந்தச் சத்தத்தில் தனுஷியா அவள் காதருகே குனிந்தாள்.

“எனக்கும் அம்மா வீடு எழுதித்தான் வெச்சிருக்கா. அப்ப நாம ஆர்ட வீட்டில இருக்கிற?”

பாதை துறையில் முட்டியது. இத்தனை வருடப் பயத்துக்கு இவ்வளவு சின்னக் கேள்வியா என்று மேனுகா மலைத்துப்போனாள். எல்லோரும் இறங்கிப் போகட்டும் என்று ஸ்கூட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“உன்ட வீட்டில,” என்றாள். “எங்கட கிணத்துத் தண்ணி உவர்.”