சபையில் தொலைந்த தாள்

சிவகலாவுக்கு ஹெட்விக் கேர்பர் மீது இருந்தது பொறாமைதான். அதற்கு வேறு பெயர் வைத்து அவள் மழுப்பியதில்லை.

யாழ்ப்பாணத்தில் கணிதம் படிக்கப் பல்கலைக்கழக அனுமதி கிடைத்த கையோடு, எண்பத்துநான்கில் ஓடிவந்தவள் அவள். இப்போது சுவிஸில் ஒரு மாநிலச் சட்டசபையின் மண்டபத்தைக் கூட்டித் துடைத்தாள். ஹெட்விக் அங்கே உறுப்பினர், அறுபது வயது. ஏழைப் பிள்ளைகளை வேலைக்குக் கொடுக்கும் அந்தக்கால வழக்கப்படி, ஏழு வயதில் தாயிடமிருந்து பிரித்து, ஊர்ச்சபையே அவரை ஒரு பண்ணைக்காரனிடம் ஒப்படைத்திருந்தது. பத்து வருடம் கூலியில்லாமல் மாட்டுக்கொட்டிலில் வேலை. “நான் அடிமையாக இருந்தவள்” என்று சபையிலேயே சொல்வார். வேலை செய்கிறவர்களும் படிக்க, அரசாங்கம் ஓர் உயர்கல்லூரி தொடங்கவேண்டும் என்று சட்டமூலம் கொண்டுவந்தவரும் அவர்தான்.

“பாவம், எவ்வளவு பட்டிருக்கிறா,” என்றான் சிவகலாவின் கணவன் தவராஜா.

“பட்டவதான். ஆனா தன்ர நாட்டில, தன்ர பாசையில எழும்பி நிண்டு கதைக்கிறா. நான் வாளி தூக்கிறன்.”

“அந்த மனிசியோடயுமோ உமக்குப் போட்டி?”

“ஓம்.”

எண்பத்தேழு மார்ச்சில் அதற்கு வாக்கெடுப்பு. அன்று காலை ஹெட்விக் தன் உரையை மேசையில் வைத்துவிட்டுக் கோப்பி குடிக்கப் போனார். பென்சிலால் அடித்துத் திருத்திய மூன்று பக்கம். சிவகலா அதை எடுத்துப் பார்த்தாள். பாதிதான் விளங்கியது. அந்த ஆத்திரத்தில் கசக்கிக் குப்பைப் பையில் போட்டுவிட்டாள்.

சபை கூடியதும் ஹெட்விக் கைப்பையைக் கொட்டித் தேடினார். வெறுங்கையோடு எழும்பி, தடுமாறி, நாலு வசனத்தோடு உட்கார்ந்துவிட்டார். கதவோரம் நின்ற சிவகலா வாளியைக் கீழே வைத்தாள். சட்டம் மூன்று வாக்கு வித்தியாசத்தில் தப்பிப் பிழைத்தது.

சபை கலைந்ததும் சிவகலா நேரே ஹெட்விக்கிடம் போனாள்.

“உங்கட தாளை நான்தான் எறிஞ்சனான்,” என்றாள் தனக்குத் தெரிந்த ஜெர்மனில்.

“ஏன்?”

பொறாமைக்கான ஜெர்மன் சொல்லை அவள் எப்போதோ அகராதியில் பார்த்து வைத்திருந்தாள். அதைச் சொன்னாள்.

ஹெட்விக்கின் முகம் சிவந்தது. “இரண்டு கிழமை இருந்து எழுதினேன்,” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். பிறகு பல மாதம் சிவகலாவின் வணக்கத்துக்குப் பதில் சொல்லவில்லை.

எண்பத்தொன்பதில் கல்லூரி திறந்தது. நுழைவுப் பரீட்சை எழுதிய சிவகலாவுக்குக் கணிதம் புள்ளிகளை அள்ளிக் கொடுத்தது, ஜெர்மனில் மயிரிழையில் தப்பினாள். திறப்புவிழாவில் ஹெட்விக் பேசி முடித்ததும் மண்டபமே எழும்பி நின்றது. மூன்றாம் வரிசையில், புது மாணவர்களோடு இருந்த சிவகலாவும் எழும்பிக் கைதட்டினாள். வயிறு எரியத்தான் தட்டினாள். ஆனாலும் கடைசிவரை தட்டினாள்.