பட்டறைக்காரர் எழுந்து உட்கார்ந்து காட்டியது

பள்ளிக்கூடத்தில் அவர் தாண்டியது மூன்று வகுப்பு. அதற்கப்புறம் கற்றதெல்லாம் தகரத்திலும் நெருப்பிலும்தான். யாரோ ஒருவருடைய பட்டறையில் ஆணி பொறுக்க ஆரம்பித்து, முப்பது வயதில் சொந்தக் கொட்டகை போட்டு, நூற்றுப்பன்னிரண்டு பேருந்துகளுக்குக் கூடு கட்டிய மனிதர். பட்டம் வாங்கியவன் வரைபடத்தோடு வந்து நின்றால் அதைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு, கண்ணாலேயே அளந்து சட்டம் வெட்டுவார். ஒரு நூல் பிசகாது.

அறுபதாவது வயதில் கீழே விழுந்தார். கூரைத் தகடு உட்கார மாட்டேன் என்கிறது என்று ஒரு வேலையாள் முனகினான். அவனை இறக்கிவிட்டு இவரே ஏறினார். தகடு உட்கார்ந்துவிட்டது; அதற்குப் பிறகு இவர்தான் உட்காரவில்லை. இடுப்புக்குக் கீழே கிள்ளினாலும் தெரியாது.

மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தின் பராமரிப்புப் பிரிவிலிருந்து தினமும் காலையில் இரண்டு மணி நேரம் ஓர் ஆளை அனுப்பினார்கள். குளிப்பாட்டுவது, புண் வராமல் புரட்டிப் படுக்கவைப்பது, சக்கர நாற்காலியில் ஏற்றுவது அவன் வேலை. மீதி இருபத்திரண்டு மணி நேரமும் மனைவியின் வேலை. பிள்ளைகள் இல்லை. இரண்டு வருஷம் அவரைத் தூக்கித் தூக்கி அவளுக்குக் கர்ப்பப்பை இறங்கிவிட்டது. அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்துக் கொடுத்த மருத்துவர், அதற்கப்புறம் ஆறு வாரம் ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அதனால், வருஷாந்தரப் பரிசோதனைக்கு அதிகாரி வரப்போகிறாள் என்றதும் அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்: சாயங்காலத்துக்கும் ஓர் ஆள் கிடைக்க வேண்டும், அதனால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். சரி என்று தலையாட்டினார்.

வந்தவள் சின்ன வயதுக்காரி. காகிதத்தைப் புரட்டிக்கொண்டே நிமிர்ந்தவள், கட்டிலுக்கு மேலே தொங்கிய கப்பியையும் கயிற்றையும் கைப்பிடிக் குழாயையும் பார்த்தாள். படுத்த படுக்கையாக இருந்தபடியே பட்டறை ஆட்களைக் கூப்பிட்டு, இவர் அளவு சொல்லிச் செய்வித்தது அது.

"இது எந்தக் கம்பெனி செஞ்சதுங்க ஐயா?"

அவ்வளவுதான். அந்த ஒரு கேள்வியில் மனிதருக்கு இருபது வயது குறைந்துவிட்டது. கம்பெனிக்காரன் செய்தால் கயிறு எங்கே தேயும், இவர் செய்தால் ஏன் தேயாது என்று கால் மணி நேரம் பேசினார். அதைப் பிடித்து அவரே எழுந்துவிடுவாரா என்று அவள் கேட்டாள். கயிற்றின் மறுமுனையை மனைவி இழுத்தால்தான் எழுவார். தனியாக எழுந்து ஒரு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. ஆனாலும் குழாயைப் பற்றினார். கழுத்து நரம்பு புடைத்தது, வலது தோளுக்குள் என்னவோ பிய்ந்தது. முகத்தில் சிரிப்பு மாறாமல் எழுந்து உட்கார்ந்தார்.

வாசற்படியில் நின்ற மனைவி, இன்றைக்குத்தான் இப்படி என்று தொடங்கி, தன் ஆபரேஷன் விஷயத்தையும் சொன்னாள்.

"அவளுக்கு ஆஸ்பத்திரின்னா ஊர் சுத்திப் பாக்கற மாதிரி. வேலை செய்ய உடம்பு வணங்கல, அதுக்கு ஒரு ஆபரேஷன்" என்று சிரித்தார் பட்டறைக்காரர். அதிகாரியும் லேசாகச் சிரித்துவிட்டு எழுதினாள். நாற்காலிக்குப் போவதைக் கேட்டாள், அதெல்லாம் ஒரு எட்டு என்றார். மூத்திரப் பை மாற்றுவதைக் கேட்டாள், அது ஒரு வேலையா என்றார். எல்லாவற்றுக்கும் டிக் அடித்துக்கொண்டு போனாள்.

பத்தாம் நாள் கடிதம் வந்தது. பயனாளி தம் தேவைகளைத் தாமே கவனித்துக்கொள்கிறார்; உதவியாளர் தேவையில்லை. ஆட்சேபம் இருந்தால் இருபத்தோரு நாளுக்குள் தெரிவிக்கலாம். காலையில் வந்துகொண்டிருந்தவன் கடைசி நாள் அவரைத் துவட்டிவிட்டு மெதுவாகச் சொன்னான்: "ஒரே ஒரு வார்த்தை, முடியலன்னு சொல்லியிருக்கலாம் முதலாளி."

"என் பட்டறைல அந்த வார்த்தையச் சொன்னவன் மறுநாள் உள்ள வந்ததில்லடா."

மனைவி ஆட்சேபக் கடிதத்தை யாரிடமோ எழுதி வாங்கிவந்து, பேனாவோடு தலையணைக்குப் பக்கத்தில் வைத்தாள். கையெழுத்துப் போட்டால் அன்றைக்குச் சொன்னது பொய்யென்று ஆகிவிடுமே. அவர் போடவில்லை. அவள் கெஞ்சவில்லை, சண்டையும் போடவில்லை. தினமும் அவரைத் தூக்கினாள். தூக்கி முடித்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். அவர் அதைப் பார்க்காததுபோல் கப்பிக்கு எண்ணெய் போடச் சொன்னார். இருபத்தோரு நாளும் போயிற்று.

ஆபரேஷனுக்குக் குறித்த நாள் காலையில் அவரைத் துடைத்து, ஊட்டி, பையைக் காலி செய்து, செம்பையும் போனையும் கைக்கெட்டும்படி வைத்தாள். பிறகு துணிப்பையை எடுத்துக்கொண்டாள்.

"ஆஸ்பத்திரில நாலு நாள். அப்புறம் ஆறு வாரம் தங்கச்சி வீட்ல இருப்பேன்."

"என்னை யாருடி பாத்துக்குவா?"

"உங்களுக்கு ஆளே வேண்டாம்னு அந்தப் பொண்ணு எழுதிக் குடுத்துட்டுப் போயிருக்கே."

கதவைச் சாத்தும்போதுகூட அவள் சத்தம் போடவில்லை.

மதியத்துக்குள் செம்பு கவிழ்ந்துவிட்டது. குழாயைப் பற்றினால் வலது கை தோளுக்கு மேல் போகவில்லை. இடது கையால் மூன்று தரம் முயன்று பார்த்து, மூன்று தரமும் தலையணையில் விழுந்தார். கடைசியில் போனை எடுத்து அலுவலகத்தைக் கூப்பிட்டார். அதே பெண்தான் பேசினாள். சாதாரணமாகக் கேட்பதுபோல், அந்த ஆட்சேபம் இப்போது சொல்லலாமா என்றார். கெடு முந்தாநாளே முடிந்துவிட்டது, புதிதாக விண்ணப்பித்தால் பதினோரு வாரம் ஆகும் என்றாள். பக்கத்தில் யாரோ ஏதோ கேட்க, "நம்ம கப்பிக்காரர்தான், தானே எந்திரிச்சு உக்காந்து காட்டினாரே" என்று அவள் பெருமையாகச் சொன்னது இவர் காதில் விழுந்தது.

பிறகு அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஐயா, வீட்ல தனியா இருக்கறவங்களுக்கு மட்டும் அவசர ஆள் உண்டு. சொன்னீங்கன்னா ஒரு மணி நேரத்துல அனுப்பிடுவேன். தனியாவா இருக்கீங்க?"

பட்டறைக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"நான் எதுக்குத் தனியா இருக்கேன்? இங்க ஆள் இருக்கு. சும்மா விசாரிச்சேம்மா."

போனை வைத்தார். பை எப்போது நிரம்பியது, எவ்வளவு நேரமாக வழிகிறது என்று அவருக்குத் தெரியவில்லை. ஈரம் மெல்ல மேலேறி, உணர்ச்சி உள்ள இடமான முதுகுக்கு வந்து சேர்ந்தபோதுதான் தெரிந்தது.