அம்மா மோசம் போட்டா

மருந்துக் கடையில் குளிசை என்று கேட்டுவிட்டேன். இந்த ஊருக்கு வந்து பாதி ஆயுள் ஆகிவிட்டது. அப்படியும் சில நேரம் வாய் தன் பாட்டுக்குத் திறந்துகொள்கிறது. "குளிசமா? அது கோயிலாண்ட கேளும்மா, இங்க வெறும் மருந்துதான்" என்றார் கடைக்காரர். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். குளிசம் என்றால் இங்கே இடுப்பில் கட்டும் தாயத்து. மாத்திரை என்று திருத்திச் சொல்லி, நான் போய்ப் பார்த்துவந்த சரோஜா அம்மாவின் பிரஷர் மாத்திரையை வாங்கிக்கொண்டு ஏரிக்கரை வழியாக நடந்தேன். அயனம்பாக்கத்தில் மழை விட்டு ஒரு வாரமாகியும் தெருவோரத்தில் தண்ணீர் நின்றது. எனக்குச் சிரிப்பும் இல்லை, வெட்கமும் இல்லை. அந்த நாட்களில் எனக்குள் எதுவுமே இல்லை.

ரொறன்ரோவிலும் ஒஸ்லோவிலும் இருக்கிற எங்கள் ஆட்கள் எழுதும்போது பனி வரும், விளங்காத மொழி வரும், வாய்க்குள் நுழையாத பெயர்கள் வரும். வாசிக்கிறவர்களுக்கு உடனே தெரிந்துவிடும், இவர் தூரத்தில் இருக்கிறார் என்று. நான் யாழ்ப்பாணத்திலிருந்து சண்டைக் காலத்தில் வள்ளம் ஏறி, தமிழிலிருந்து தமிழுக்கே வந்தவள். அதனால் என்னை யாரும் தூரத்தில் இருப்பவளாக நினைப்பதில்லை. ஊரில் இருப்பவர்கள், "உனக்கென்ன, பக்கத்திலதானே" என்பார்கள். பக்கம்தான். ஆனால் அம்மா போன பங்குனியில் படுக்கையில் விழுந்தபோது, இந்த நாட்டை விட்டு வெளியே போக அகதியான எனக்கு அனுமதி வேண்டியிருந்தது. அதற்கு விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். போனால் திரும்பி வரலாம் என்று யாரும் உறுதி தரவில்லை. கணவரும் வீடும் இங்கே. அம்மா காத்திருக்கவில்லை.

செத்தவீட்டைத் தங்கை ரெலிபோனில் காட்டினாள். அம்மாவின் முகத்தருகே வரும்போதெல்லாம் படம் உறைந்து நின்றது. ஒருமுறை பந்தல் துணி மட்டும் நெடுநேரம் தெரிந்தது. ரொறன்ரோவிலிருந்து அண்ணாவும் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அழுகிற சத்தம் கேட்டது, முகம் தெரியவில்லை. பெட்டியைத் தூக்கியதும் தங்கை அழைப்பைத் துண்டித்தாள். நான் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்து ரசம் வைத்தேன். கணவர் சாப்பிட்டார், நானும் சாப்பிட்டேன். பக்கத்து வீடுகளுக்குச் சொல்லவில்லை. சொன்னால் வருவார்கள், இருப்பார்கள், என்ன வியாதி என்று கேட்பார்கள். எனக்குப் பதில் சொல்ல அலுப்பாக இருந்தது. அழுகை வரும் வரும் என்று சில நாள் பார்த்தேன். பிறகு பார்ப்பதையும் விட்டுவிட்டேன்.

எங்கள் தெருவில் ஸ்டெல்லா டீச்சர் என்று ஒருவர் இருக்கிறார். பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். தனியாக இருக்கும் வயதானவர்களைப் போய்ப் பார்ப்பதற்கு அக்கம்பக்கத்தாரைச் சேர்த்து ஒரு சிறு குழு வைத்திருந்தார். மருந்து வாங்கித் தருவது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது, கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசுவது, அவ்வளவுதான் வேலை. "ரஞ்சி, நீங்க வீட்லயேதான இருக்கீங்க. வாரத்துல ரெண்டு நாள் வந்தா போதும்" என்றார். மறுக்க ஒரு காரணம் தேடினேன், கிடைக்கவில்லை. நல்ல மனதோடு போனேன் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

எனக்குக் கிடைத்தவர் சரோஜா அம்மா. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலை வாசலில் பல காலம் இட்லிக் கடை போட்டிருந்தவர். கணவர் இல்லை. ஒரே மகன் குமார் ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக். மனைவி பிள்ளைகளோடு அங்கேயே இருந்தார். சரோஜா அம்மாவுக்கு முழங்கால் மடங்காது. கட்டிலில் காலை நீட்டியபடி, கதவைப் பார்த்து இருப்பார்.

"இன்னா பாஷ பேசற நீ? கேரளாவா?" என்றுதான் ஆரம்பித்தார்.

"இல்லை அம்மா, சிலோன்."

"தமிய்தானா அப்போ. நல்லாத்தான் கீது, பாட்டு மாரி. குந்து."

உட்கார்ந்தேன். நேற்று மகன் பேசினான் என்றார். எங்கள் ஊரில் ஒருவரைப் பேசுவதென்றால் ஏசுவது. ஒரு நொடி எனக்கு, பாவம், எதற்காக ஏசினானோ என்று ஓடியது. பிறகுதான் போனில் கதைத்திருக்கிறான் என்று விளங்கியது. இப்படித்தான் ஒவ்வொரு வாக்கியமும் இங்கே எனக்கு இரண்டு தடவை வந்து சேரும். பிள்ளைகள் உண்டா, ஊட்டுக்காரர் என்ன செய்கிறார் என்று விசாரித்துவிட்டுக் கேட்டார்: "அம்மா உசுரோட கீதா?"

இறந்துட்டாங்க என்று சொல்ல எனக்குத் தெரியாதா? அந்தச் சொல்லை இந்த ஊரில் எத்தனையோ பேருக்காகச் சொல்லியிருக்கிறேன். ஆனால் என் அம்மாவைப் பற்றி முதல் தடவையாக வாய் திறந்தபோது வீட்டுச் சொல்தான் வந்தது. "அம்மா மோசம் போட்டா" என்றேன். எங்கள் பக்கத்தில் ஒருவர் காலமானால் அப்படித்தான் சொல்வோம்.

சரோஜா அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். "மோசம் போயிட்டாங்களா? எவன் ஏமாத்தினது? சொந்தக்காரனா?"

நான் திருத்தியிருக்க வேண்டும். ஆனால் அதற்கு இன்னொரு முறை, இந்தத் தடவை அவருக்கு விளங்கும்படி, செத்துப்போனாள் என்று சொல்ல வேண்டும். ஒருமுறை சொன்னதே முடியாமல் சொன்னது. "ஓம்" என்றேன். பிறகு, "ஆமாம்மா" என்றேன்.

"நெலமா, நகையா? வயசான பொம்பளய ஏமாத்தறானுங்க பாரு, பேமானிங்க. கேஸ் போட்டீங்களா?"

அன்று முதல் அந்த அறையில் என் அம்மா உயிரோடு இருந்தாள். நான் உள்ளே போனதும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். "ஒங்கம்மா இன்னா பண்ணுது? துன்னுச்சா?" "சாப்பிட்டா அம்மா." "கால் வலின்னியே?" "இப்ப பரவாயில்லை." கோயிலுக்குப் போய்வந்தாள் என்றேன். வெயில் தாங்க முடியவில்லையாம் என்றேன். சொல்லும்போது துக்கமோ ஆறுதலோ வரவில்லை. வானிலை அறிக்கை வாசிப்பது போல வாசித்தேன். அவர்தான் ஆத்திரப்பட்டார். யாரென்று தெரியாத அந்த ஏமாற்றுக்காரனைத் தன் கடைக்குக் கடன் சொல்லிவிட்டு ஓடியவர்களோடு சேர்த்துத் திட்டினார். இத்தனை காலம் இங்கே இருந்தும், என் வீட்டாருக்காக இந்த ஊரில் ஒருவர் கோபப்பட்டு நான் கேட்டதில்லை.

ஒரு நாள், "ஒங்கம்மாவுக்கு இட்லிப் பொடி குட்த்தனுப்பணும். நா சொல்றேன், நீ அரை" என்றார். கட்டிலில் இருந்தபடியே சொல்லிக்கொடுத்தார். உளுந்து சிவந்துவிட்டதா என்பதைப் பார்க்காமலே வாசனையில் கண்டுபிடித்து, "எறக்கு மே, எறக்கு!" என்று கத்தினார். காரம் குறைவாகப் போடச் சொன்னார், வயதானவளுக்கு வயிறு தாங்காதாம். அந்தப் பொடியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கணவர் என்னவென்று கேட்டார். சரோஜா அம்மா தந்தது என்றேன். அவர் தோசைக்குத் தொட்டுக்கொண்டார். நல்லாயிருக்கு என்றார்.

ஆடி மாதத்தில் சரோஜா அம்மா குளியலறையில் விழுந்தார். பால் பாக்கெட் போட வந்தவர் கூப்பிட்டுப் பார்த்துக் கதவை உடைக்கும்வரை ஈரத்தரையில் கிடந்திருக்கிறார். எலும்பு முறியவில்லை. ஆனால் அதற்குப் பிறகு தனியாக எழும்ப முடியவில்லை. குமார் விடுமுறை எடுத்து வந்தார். நரைத்த மீசையும் தூங்காத கண்களுமாக, விமானத்தில் வந்த சட்டையோடு என்னைத் தேடி வீட்டுக்கு வந்தார். திருமழிசை தாண்டி, குத்தம்பாக்கம் போகிற வழியில் ஒரு முதியோர் இல்லம் பார்த்திருப்பதாகச் சொன்னார். "ஹோம்னு சொன்னா வராதுக்கா. ஆஸ்பத்திரி, ஒரு பத்து நாள் ட்ரீட்மெண்ட்னு சொல்லி கூட்டினு போயிடலாம்னு கீறேன். நீங்க சொன்னா கேக்கும்."

நான் பேசாமல் இருந்தேன். அதை அவர் குற்றச்சாட்டாக எடுத்துக்கொண்டார்.

"வேற இன்னாக்கா பண்றது? அங்க கூட்டினு போவ வழியில்ல. நா இங்க வந்துட்டா பசங்க படிப்பு நின்னுடும். அது கீழ விய்ந்த அன்னிக்கு நா ஏணி மேல நின்னு எவனோ ஊட்டு ஏசிய மாட்டிகினு இருந்தேன்."

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அழுகிற சத்தம் மட்டும் கேட்டு முகம் தெரியாத என் அண்ணாவைப் போல இருந்தார். என்னைப் போலவும்தான். ஆனால் மறுநாள் போனபோது, சரோஜா அம்மா ஆஸ்பத்திரிக்கு என்று எண்ணெய் தேய்த்துத் தலைவாரி, "ஆஸ்பத்திரில ஒன்ன உள்ள உடுவாங்களா?" என்று கேட்டதும் என்னால் தலையாட்ட முடியவில்லை. நேர்மை என்று இதைச் சொல்ல மாட்டேன். ஏற்கனவே ஒரு பொய்யைத் தினமும் சுமந்து வந்துகொண்டிருந்தேன், இன்னொன்றுக்குக் கையில் இடமில்லை.

"அம்மா, அது ஆஸ்பத்திரி இல்லை. முதியோர் இல்லம். பத்து நாளில்லை, இனி அங்கதான்."

அவர் சேலைத் தலைப்பை மடித்தார், விரித்தார், மறுபடியும் மடித்தார். தெருவில் காய்கறி வண்டிக்காரரின் ஒலிபெருக்கி தக்காளி, வெங்காயம் என்று சொல்லிக்கொண்டே போய்த் தேய்ந்தது. என் வாய் திறந்ததோடு மற்றதும் வந்துவிட்டது.

"என்ர அம்மாவையும் ஒருத்தரும் ஏமாத்தேல்லை. எங்கட ஊரில மோசம் போறதெண்டால் சாகிறது. அம்மா செத்துப்போனா. நான் உங்களிட்ட வாறதுக்கு முன்னமே. ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

ஒவ்வொரு சொல்லையும் மனதில் திருப்பிப் பார்ப்பதுபோல இருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அப்போ நா யாருக்குடி பொடி அரைக்க சொன்னேன்?"

"போ" என்றார். "ரெண்டு பேரும் ஒண்ணு. எம் புள்ளயும் நீயும். போடி."

குமாரும் என்னிடம் பேசவில்லை, இரண்டு அர்த்தத்திலும். புறப்படும் நாளில் ஸ்டெல்லா டீச்சர்தான், "கை பிடிச்சு ஏத்தவாவது ஒரு ஆள் வேணும், வாங்க" என்று என்னை அழைத்துப் போனார். காரில் சரோஜா அம்மா முன் இருக்கையில் இருந்தார். பூந்தமல்லியில் மெட்ரோ தூண்களுக்குக் கீழே வண்டிகள் நெரித்து நின்றன. தூசியில் கடைப் பெயர்கள்கூடத் தெரியவில்லை. இல்லத்தின் வாசலில் இறங்கும்போது என் தோளைப் பிடித்துத்தான் இறங்கினார். ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை. குமார் அந்த வாரமே திரும்பிப் போனார்.

முதல் தடவை பார்க்கப் போனபோது சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மாத்திரையைப் பணிப்பெண்ணிடம் கொடுத்துவிட்டு வந்தேன். அடுத்த தடவை போகவே மனமில்லை. போகாமல் இருக்கவும் மனமில்லை. ஐப்பசி மழை பிடித்த ஒரு மத்தியானம் குடையோடு போய் நின்றேன். கூடத்தில் நாற்காலிகள் போட்டு ஏழெட்டுப் பெண்கள் தொலைக்காட்சியில் நாடகம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சக்கர நாற்காலியில் இருந்த சரோஜா அம்மா என்னைக் கண்டதும், "அத்த நிறுத்து" என்றார் பணிப்பெண்ணிடம். தொலைக்காட்சி நின்றது.

"இவ சிலோன்காரி. இவங்கம்மா செத்துட்டா. ஊட்டாண்ட ஒருத்தரும் வந்து துக்கம் கேக்கல, இவ யார்கிட்டயும் சொல்லல. குந்து மே."

பிளாஸ்டிக் நாற்காலியில் என்னை உட்கார வைத்தார்கள். "ஒங்கம்மா பேரு இன்னா?" என்று கேட்டார் சரோஜா அம்மா.

"பாக்கியம்."

"எம்மா பாக்கியம்..." என்று தொடங்கி என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதார். நடிப்பு இல்லை. யாருக்காக அழுதார் என்று நான் கேட்கவும் இல்லை. மற்றவர்களும் நாற்காலியை இழுத்துக்கொண்டு அருகே வந்தார்கள். திருநெல்வேலிப் பேச்சுக்காரர் ஒருவர் என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். ஒரு பாட்டிக்குச் செத்தது யாரென்று பிடிபடவில்லை. புருஷனா, புருஷனா என்று கேட்டபடியே அவரும் அழுதார். இன்னொருவர் காப்பி வந்துவிட்டதா என்று கேட்டு, இல்லை என்றதும் மறுபடி அழுதார். என் அம்மா இந்தக் கரைக்கு ஒரு நாளும் வந்ததில்லை. இவர்கள் சொல்லி அழுததில் பாதி அவளுக்கு விளங்கியிருக்காது. கோம்பயன் மணல் மயானத்தில் எரிந்து, கீரிமலைக் கடலில் கரைந்துபோன ஒருத்தியை, திருமழிசைக்கு அப்பால் ஒரு கூடத்தில், அவளைத் தெரியாத பெண்கள் மழைச் சத்தத்தையும் மீறிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். எனக்கு அப்போதும் கண்ணீர் வரவில்லை. ஆனால் பிடித்திருந்த கைகளை உருவிக்கொள்ளவும் தோன்றவில்லை. அவளுடைய செத்தவீட்டில், மகளுக்குரிய இடத்தில், கடலின் இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன்.