முதலாளி லைன்

போன வாரம் சூலூர்ப் பக்கம் ஒரு பம்ப் கம்பெனிக்குப் போயிருந்தேன். தோழி செந்தாமரைதான் அங்கே கம்ப்யூட்டர் பிரிவைப் பார்த்துக்கொள்கிறாள். சேர்ந்து சாப்பிடலாம் என்று கூப்பிட்டிருந்தாள். சாப்பாடாவது ஒன்றாவது...

தூத்துக்குடி துறைமுகத்துக்குப் போகவேண்டிய லாரி வாசலில் நிற்கிறது. இன்வாய்ஸ் வரவில்லை. எல்லாக் கம்ப்யூட்டரும் ஆமை வேகம். "இன்னிக்கு லாரி கிளம்பலீன்னா கப்பல் போயிரும். அப்புறம் இந்தப் பொட்டியெல்லாம் மூட்டை கட்டிப்போட்டு டைப்ரைட்டரையே எடுத்துக்கலாம் அம்மணி" என்று முதலாளி சொல்லிவிட்டார். அவரை நச்சரித்துக் கம்ப்யூட்டர் வாங்க வைத்தவளே செந்தாமரைதான். பாவம், முகமே செத்துப் போயிருந்தது.

மெயின் கம்ப்யூட்டரிலிருந்து இரண்டு பாதை. பாதைக்கு ஒரு ஹப் — மேஜைகளிலிருந்து வரும் வயரெல்லாம் சொருகுகிற சின்னப் பெட்டி. பாதிப் பேர் இதில், பாதிப் பேர் அதில் என்று பிரித்துத்தான் வைத்திருந்தாள். தங்கை கல்யாணத்துக்கு லீவில் போய்விட்டு வந்து இன்றைக்குத்தான் திறந்து பார்க்கிறாள். ஒரு ஹப்பில் மூச்சு விட இடமில்லை. இன்னொன்றில் ஒரே ஒரு வயர். முதலாளியுடையது.

"அவரு லைன்ல நாம எப்படீங்க குறுக்க போறது?" என்றார் அக்கவுண்ட்ஸ் பழனிசாமி. அவள் லீவில் இருந்தபோது ஆளாளுக்கு வயரைப் பிடுங்கி மற்ற ஹப்புக்கு மாற்றிக்கொண்டுவிட்டார்கள். முதலாளியோ ஆயுத பூஜைக்குப் பொட்டு வைத்ததோடு சரி, அந்தக் கம்ப்யூட்டரைத் தொட்டதே இல்லை.

விஷயம் கேட்டு முதலாளியே வந்தார். "இதுக்கா இந்தப் பாடு? எம்பட வயரையும் அந்தக் கூட்டத்துலயே போட்டுருங்க" என்று சொல்லிவிட்டு லாரியைப் பார்க்கப் போனார். நல்ல மனுஷன். செந்தாமரை அப்படியே செய்தாள். "பாதிப் பேர் மட்டும் காலி ஹப்புக்கு வாங்க" என்றாள்.

வந்தார்கள்... மொத்தப் பேரும். முதலாளி மறுபடி தனி லைனில். எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு முதலாளி வயரைப் பிடுங்கினாள். எதிலும் சொருகவில்லை. "இப்ப ரெண்டுலயும் அவரு இல்லீங்க. பிரிஞ்சுக்குங்க." பிரிந்தார்கள். இன்வாய்ஸ் மளமளவென்று வந்தது. லாரியும் கிளம்பியது.

நம்மூர் மரியாதையைப் பற்றிக் கேட்கவா வேண்டும்? ஆனால் ஒரு வழியைக் காலியாக விட்டுவிட்டு இன்னொன்றில் இடிபட்டுச் சாவதிலும் மரியாதையா?

நேற்று செந்தாமரை போன் செய்தாள். வருகிறவர்களிடமெல்லாம் முதலாளி பெருமையாகச் சொல்கிறாராம் — "எம்பட கம்ப்யூட்டரையும் எல்லார்த்து கூடவும் ஒண்ணா சேத்துப்போட்டேனுங்க. அப்புறந்தான் வேகமே."

அவர் வயர் இன்னும் மேஜைக்கடியில் சுருண்டு கிடக்கிறது. சொல்லிவிடேன் என்றேன்.

"அவருகிட்டப் போய் எப்படீங்க சொல்றது?" என்கிறாள்.