மல்லிகை நுழையாத வீடு

ஒத்தக்கடையில் நாங்கள் இருந்த வீட்டின் கதவைத் திறந்ததும் மூக்கில் ஏறுவது யூகலிப்டஸ் தைலத்தின் காரம். அது இறங்கிய பிறகு, துடைத்து ஈரம் காயாத தரையிலிருந்து எலுமிச்சைப்புல் எண்ணெயின் வாசம் மெல்ல எழும்பி வரும். வருகிறவர்கள் செருப்பைக் கழற்றும்போதே "யாருக்கு உடம்புக்கு முடியல?" என்று கேட்பார்கள். யாருக்கும் ஒன்றுமில்லை. தைலம் மணந்தால் எங்கள் அம்மா நன்றாக இருக்கிறாள் என்று அர்த்தம்.

அம்மாவுக்கு மல்லிகை வாசம் ஆகாது. ஒரு முழம் பூ பக்கத்தில் வந்தால் போதும், அரைமணி நேரத்தில் இடது கண்ணுக்கு மேலே "மண்டையிடி" தொடங்கி, வாந்தி எடுத்து, ஜன்னலைச் சாத்திய அறையில் ஒரு நாள் முழுக்கச் சுருண்டு கிடப்பாள். அவளைக் கட்டிக்கொண்ட என் அப்பாவோ, மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லிகைக் கமிஷன் கடை வைத்திருந்தார். சொந்தக்காரர்களுக்கு இது பெரிய வேடிக்கை. அப்பா சந்தை முடிந்து வந்தால் வீட்டுக்குள் நுழையமாட்டார்; பக்கவாட்டுச் சந்து வழியாகக் குழாயடிக்குப் போய், அம்மா பத்துச் சொட்டுத் தைலம் விட்டு வைத்திருக்கும் வாளியில் சட்டையை முக்கிவிட்டு, தலையோடு குளித்த பிறகுதான் "வாரேன் தனம்" என்று குரல் கொடுப்பார். தெருவிலிருந்து வரும் பூவாசத்துக்கு, தைலத்தில் நனைத்த பஞ்சை ஜன்னல் கம்பிகளில் செருகி வைத்திருப்பாள் அம்மா. கொடைக்கானல் போகிற பேருந்து ஓட்டுநர் ஒருவர் மாதம் இரண்டு பாட்டில் வாங்கி வந்து தருவார்.

வேறு ஊராக இருந்தால் இது ஒரு சாதாரணத் தலைவலி. மதுரையில் இது குற்றம். புருஷன் கல்லுப்போல இருக்க, தலையில் பூ இல்லாமல் நடமாடுகிறவளை ஊர் சும்மா விடுமா? "பூக்காரர் பொண்டாட்டி தலையப் பாரு, பொட்டக்காடு" என்று கோயில் வரிசையிலேயே அவள் காதுபடச் சொன்னார்கள். அப்பாவின் அக்கா, எங்கள் கொட்டாம்பட்டி அத்தை, பேருந்திலிருந்து இறங்கி வந்ததும் பையைக் கீழே வைக்கும் முன்பே ஆரம்பித்துவிடுவாள். "ஊருக்கே பூக் குடுக்குறவன் வீட்டுல ஆஸ்பத்திரி வாடையா? எந்தம்பி நல்லா இருக்கணும்னு நெனப்பு இருந்தா இம்புட்டுப் பிடிவாதம் வருமா?" அம்மா காபியை அத்தை முன்னால் வைத்துவிட்டு, ஜன்னல் பஞ்சில் இன்னும் இரண்டு சொட்டு விடுவாள். அத்தைக்கு அடுக்கடுக்காகத் தும்மல் வரும்.

இன்றைக்கு இதைச் சிரித்துக்கொண்டே எழுதுகிறேன். அன்றைக்கு எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. பள்ளிக்கூடத்தில் என் சடை மட்டும் மொட்டையாக இருக்கும்; பக்கத்தில் உட்காருகிறவள் "தைலக்காரி, தள்ளி உக்காரு" என்பாள். மற்றவர்களுடைய அம்மாக்களைப்போல என் அம்மாவும் ஒரே ஒரு நாள் தலை நிறையப் பூவோடு வந்து நிற்கவேண்டும் என்று நான் ஏங்கியது உண்மை.

பதின்மூன்று வயதில் எனக்குச் சடங்கு வைத்தார்கள். மண்டபம், மேளம், தாய்மாமன் சீர், என் முதுகு முழுக்க மல்லிகைப் பூச்சடை. அதிகாலையிலேயே அத்தை கறாராகச் சொல்லிவிட்டாள்: "தலையில பூ இல்லாதவ மணைப் பக்கம் வரக்கூடாது, ஆலத்தித் தட்டையும் தொடக்கூடாது. பிள்ளைக்கு ஆகாது."

"அவளுக்குச் சேராதுன்னு தெரியும்ல, அக்கா?" என்றார் அப்பா.

"பெத்த மகளுக்காக ஒருநாப் பொழுது தாங்கமாட்டாளாக்கும்?"

அம்மா எல்லாரையும் விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். அவள் பக்கம் நின்றிருக்கவேண்டியவள் நான். "ஒரே ஒரு முழம் வச்சுக்கம்மா, எனக்காக" என்று கெஞ்சினேன். அவள் முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள். நான்தான் என் கையால் பூவை வைத்துவிட்டேன்.

ஆலத்தி சுற்றும்போதே அம்மா இடது கண்ணை இடுக்கிக்கொண்டாள். மூன்று புகைப்படம் வரை நின்றாள், நான்காவதில் காணோம். மணையிலிருந்து எழுந்து தேடிப்போனேன். சாமான் வைக்கும் அறையில் வெறும் சிமெண்டுத் தரையில், முந்தானையால் கண்ணைக் கட்டிக்கொண்டு கிடந்தாள். அவள் தலையிலிருந்த முழத்தைப் பிடுங்கி எறிந்துவிட்டு "அம்மா" என்று குனிந்தேன். அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லு கண்ணு" என்றாள்.

வாசம் என் தலையிலிருந்து வந்துகொண்டிருந்தது.

பூச்சடையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். ஊசியும் நாரும் முடியுமாகப் பிய்ந்து வந்தது. பின்னாலேயே வந்த அத்தை, "அய்யய்யோ, சடங்கு முடியலடி! பூவப் பிய்க்கிறாளே, பாவி!" என்று அலறினாள்.

"எங்கம்மாவக் கிட்ட வரவிடாத பூவு எனக்கு எதுக்கு?" என்று கத்தினேன். பெரியவர்களை எதிர்த்து நான் பேசிய முதல் பேச்சு அதுதான். அதற்காக இன்றுவரை ஒரு துளியும் வருந்தவில்லை. அப்பா வந்து கதவை மறித்து நின்றுகொண்டு, "பூவோட யாரும் உள்ள போகாதீக" என்றார். தலையை அலசிக்கொண்டு வந்து, வீட்டிலிருந்து தருவித்த தைலத்தைக் கைக்குட்டையில் விட்டு, பொழுது சாயும்வரை அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சடங்கு ஆல்பத்தின் பின்பாதியில் நான் இல்லை.

இப்போது அந்த வீடு கைமாறிவிட்டது, அப்பாவும் கடையை விட்டுவிட்டார். அன்று மூக்கைப் பொத்திய சொந்தங்கள் அதே தைலத்தைக் கண்ணாடிக் குப்பியில், மின்சாரத்தில் புகைவிடும் கருவியோடு, "அரோமா ஆயில்" என்று ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கி வைத்துக்கொண்டு எனக்கே பாடம் நடத்துகிறார்கள். அதிலும் மல்லிகை எண்ணெய் மனசுக்கு ரொம்ப அமைதியாம். அவரவர் வீட்டில் மணக்கட்டும். என் வாசற்படி ஏறக்கூடாது.

போன தை மாதம் அம்மா போய்விட்டாள். அத்தை ஒரு கூடை மல்லிகையோடு வந்து இறங்கினாள். "நெறஞ்ச சுமங்கலியாப் போறா. தலை கொள்ளாம வச்சு அனுப்பணும்."

"வேணாம் அத்த."

"செத்தவளுக்கு என்னடி மண்டையிடி?"

"உசுரோட இருக்கையில, நான் கெஞ்சுனேன்னு ஒருதடவ வச்சுக்கிட்டா. இப்ப வேணாம்னு சொல்ல அவளால முடியாது. அதான் நான் சொல்றேன்."

நாற்பது வருடம் மல்லிகை விற்ற அப்பா எழுந்து, அந்தக் கூடையைத் தூக்கிக்கொண்டுபோய்த் தெருவில் வைத்துவிட்டு வந்தார். நான் எலுமிச்சைப்புல் எண்ணெயை அவள் புடவையில் தெளித்தேன். மதுரையில் ஒரு பூக்கடைக்காரரின் மனைவி, தலையில் ஒற்றைப் பூ இல்லாமல், தனக்குப் பிடித்த வாசத்தோடு போனாள்.