மடியில் கட்டிய பூனை

மலாய் நாட்டில், ஜப்பான்காரன் காலத்தில், காஜா பெராங்கில், கம்போங் செட்டிக்குப் பக்கத்தில், ஒரு பழைய வீட்டில் அரிசிப் பங்கீட்டு ஆபீஸ் நடந்தது. அங்கே நான் கிராணி, கணக்கு எழுதுகிறவன். ஒரே அறை, மூன்று மேசை. ஒன்று ஜப்பானிய அதிகாரிக்கு, ஒன்று எனக்கு, ஒன்று என்னைவிடப் பத்து வயது மூத்த இன்னொரு தமிழ்க் கிராணிக்கு. அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். மூட்டைகளை எலி கடிக்கிறது என்று அதிகாரி ஒரு வெள்ளைப் பூனையைக் கொண்டுவந்தார். எலிக்குத் திண்டாட்டம் வந்ததோ இல்லையோ, எனக்கு வந்தது.

பூனை முடி பட்டால் எனக்குச் சிறு வயதிலிருந்தே மூச்சிழுப்பு வரும். அந்தச் சனியனோ உலகத்தில் வேறு மடியே இல்லாததுபோல என் மடியைத்தான் தேடிவரும். அதிகாரிக்கு அதில் பரம சந்தோஷம். அது தூங்கும்போது நான் அசையக்கூடாது. கண் எரியும், நெஞ்சு விசிலடிக்கும். காற்றில் பங்கீட்டுச் சீட்டுகள் பறக்கும் என்று சன்னலையும் சாத்தியே வைத்திருந்தார்கள். இருமல் வந்தால் கைக்குட்டையைக் கடித்துக்கொள்வேன்.

வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே என்று இன்றைக்குப் பிள்ளைகள் கேட்கிறார்கள். எனக்கு முன்னால் அந்த மேசையில் இருந்தவன் இருமினான். இருமல்காரன் ஆபீசுக்கு ஆகாது என்று, ஆபீஸ் ஆள் என்று காட்டும் கைப்பட்டையைக் கழற்றி அனுப்பிவிட்டார்கள். பட்டை இல்லாத தமிழனை ரோட்டில் கண்டால் ஆள் சாகிற சயாம் ரயில் பாதை வேலைக்கு லாரி ஏற்றிவிடுகிற காலம். நாலாம் நாள் அவனையும் ஏற்றினார்கள். உள்ளே இருந்தால் மூச்சு முட்டும், வெளியே போனால் சயாம்.

“தம்பி, ஒனக்கு நெஞ்சு இழுக்கிறது எம்மேச வரைக்கும் கேக்குது. நான் தொரகிட்ட சொல்றேன்,” என்றார் அண்ணன்.

“வேணாண்ணே. வேல போயிரும்.”

“போவாதுடா. பூனய ஸ்டோர்ல விடச் சொல்லுவோம், அவ்வளவுதான்.”

பூனைக்கு யார் மணி கட்டுவது என்பார்கள். அவர் கட்டப் போனார். மலாயில், குனிந்து, பணிவாகத்தான் சொன்னார்.

அதிகாரி என்னைப் பார்த்து, “சாக்கிட்?” என்றார். நோயா என்று கேட்கிறார். பூனை அப்போதும் என் மடியில்தான் இருந்தது. அதைத் தடவிக்கொடுத்தபடி, இல்லை துவான், எனக்கு இந்தப் பூனையை ரொம்பப் பிடிக்கும் என்றேன். அப்படியானால் இவன் ஏன் பொய் சொல்கிறான் என்று கேட்டார்.

அண்ணனுக்கு ஒரு பழக்கம். காலையில் வாசலில் பூனை குறுக்கே போனால் திரும்பிப் போய், எதிர்க்கடையில் சற்று உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் உள்ளே வருவார். அதிகாரியும் அதைப் பார்த்திருக்கிறார், காரணம் தெரியாது. நான் காரணத்தைச் சொன்னேன். எங்கள் ஆட்களுக்குப் பூனை கெட்ட சகுனம், இவருக்கு அதைக் கண்டாலே ஆகாது என்றேன். மடியில் பூனையைக் கட்டிக்கொண்டு சகுனம் பேசினேன். இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தன் மேசைக்குப் போய் உட்கார்ந்தார். மதியத்துக்குள் அவர் பட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். இரண்டு நாள் கழித்துப் பெண்டஹாரா ரோட்டில் அவரை லாரியில் ஏற்றியதைப் பார்த்தவர்கள் வந்து சொன்னார்கள். அவர் திரும்பி வரவேயில்லை.

அவர் போன மறுநாள் பூனை என்னிடம் வரவில்லை. காலியாகக் கிடந்த அவர் நாற்காலியில் ஏறிச் சுருண்டு படுத்தது. பிறகு அதுவே அதன் இடமாகிவிட்டது. அவர் கேட்டதும் அதைத்தான், பூனை என்னைவிட்டுத் தள்ளி இருக்கட்டும் என்று. யுத்தம் முடியும்வரை அந்த நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து நான் தாராளமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன்.